படைவகுப்பும் படைமொழியும்: பெங்களூர் மதராஸ் சேப்பர் படையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒரு நாட்டின் படையில் எப்பகுதியினர், எக்குடியினர், எவ்வளவு பேர் இருந்தனர் என்னும் வினா வரலாற்றறிஞர்க்கும் அரசியலறிஞர்க்கும் உரியதாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. அப்படையினர் தமக்குள் எம்மொழியில் பேசினர் என்னும் வினா அதனோடு இணைத்துக் கேட்கப்படுவது அரிது. இந்தியப் படையைப் பொறுத்தவரை இவ்விரு வினாக்களும் பிரிக்க இயலாதவை. ஆங்கிலேயர் ஆட்சி தன் படையினரை மிக நுணுக்கமாக எண்ணி வகைப்படுத்தியது. ஆயின் அவ்வகைப்பாட்டில் மொழி தனியே எண்ணப்படவில்லை. மொழிப்பெயர்கள் சாதிப்பெயர்களைப் போல ஆளப்பட்டன. இதனால் படையில் தமிழ் பேசியோரின் அளவு கணக்கேடுகளில் குறைந்தும் மறைந்தும் காணப்படுகிறது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சேப்பர் படையின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கணக்கேடு மறைத்ததைச் சொற்கள் எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என்பதையும், இக்கணக்கேடுகளைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சென்னை மாகாணப் படையின் தொடக்கநிலை

கிழக்கிந்தியக் கம்பெனி கோரமண்டலக் கரையில் திரட்டிய சிப்பாய்கள் அக்காலத்தில் ‘கரைப்படை’ என்னும் பொருள்படும் பெயரால் குறிக்கப்பட்டனர். 1756-57இல் கிளைவு கல்கத்தாவை மீட்கச் சென்றபோது இப்படையினர் ஒரு பகுதியினரை உடன் அழைத்துச் சென்றார். வங்காளத்தார் தென்னாட்டிலிருந்து வந்த இச்சிப்பாய்களைத் ‘தெலிங்கர்’ என்று அழைத்தனர். அவர்களுள் தெலுங்கரும் இருந்தனர். தமிழரும் முசுலிம்களும் இருந்தனர். வேற்றுநிலத்தார் காதுக்கு எல்லாரும் ஒரே பெயரினர் ஆயினர்.

1780இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனீர் அணிகள் திரட்டப்பட்டன. பாதை அமைத்தல், பாலம் கட்டுதல், அகழி தோண்டுதல், கோட்டைமதிலைத் தகர்த்தல் ஆகியன இவர்தம் பணிகள். 1831இல் இப்படை சேப்பர் படையாக மாற்றியமைக்கப்பட்டது. இன்றைய இந்தியப் படையில் மதராஸ் எஞ்சினியர் குரூப் என்னும் பெயரில் வழங்குவது இதன் தொடர்ச்சியே. 1801இல் எகிப்து, 1811இல் சாவகம், 1868இல் அபிசீனியா, 1882இல் மீண்டும் எகிப்து எனக் கடல்கடந்த போர்கள் பலவற்றில் இப்படையினர் பங்குகொண்டனர்.

சென்னைப் படையை வங்காளப் படையினின்று வேறுபடுத்திய இரு கூறுகள் மொழி நோக்கில் முதன்மையானவை. முதலாவது, பல சாதியினரும் சமயத்தினரும் ஒரே அணிக்குள் கலந்து நின்றமை. இரண்டாவது, சிப்பாய்கள் குடும்பத்தோடு வாழ்ந்தமை. வங்காளப் படையின் சிப்பாய் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே பணிக்கு வந்தான். சென்னைப் படையின் சிப்பாயோ, படை இடம்பெயரும்போது குடும்பத்தையும் உடன் கொண்டு சென்றான். ஆகவே சென்னைப் படை நிலைகொண்ட ஊர்களில் வீட்டுமொழியும் உடன் குடியேறியது. அங்கே பிறந்த பிள்ளைகள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கற்றனர்.

3. பெங்களூர்த் தண்டு

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்குத் தங்கிய ஆங்கிலப் படை, நோய் மிகுதியால் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 1809ஆம் ஆண்டளவில் அல்சூர் ஏரியை அடுத்த மேட்டுநிலத்தில் கண்டோன்மெண்ட் உருவாயிற்று. சேப்பர் படையின் தலைமையிடமும் அவ்வேரியின் பக்கத்திலேயே அமைந்தது. கன்னடம் பேசும் பழைய நகர் ‘பேட்டை’ எனவும், படைநகர் ‘தண்டு’ எனவும் வழங்கின. கண்டோன்மெண்ட் இரயில் நிலையத்தின் கன்னடப் பெயரில் இச்சொல் இன்றும் உள்ளது.

‘தண்டு’ என்பது படையைக் குறிக்கும் சொல்லாகத் தமிழிலும் பழமையானதே. கோயம்புத்தூரில் படை தங்கிய இடத்து அம்மன் ‘தண்டுமாரியம்மன்’ எனப் பெயர் பெற்றமை மரபு. எனவே பெங்களூர்த் தமிழர் ‘தண்டு’ என்பதைக் கன்னடத்திலிருந்து கடன்பெற்றனரா, தம் வழக்கையே தொடர்ந்தனரா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரு மொழியாரும் ஐயமின்றிப் புரிந்துகொண்ட பொதுச்சொல் அது.

தண்டில் சிப்பாய்க் குடும்பங்களோடு வணிகர், ஒப்பந்தக்காரர், கட்டுமானத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் முதலியோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். பெங்களூர் உயர்நீதிமன்றமாகிய அட்டார கச்சேரிக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரரும், 1873இல் தண்டில் பள்ளி தொடங்கியவருமான ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இவ்வகுப்பில் பெயர் பெற்றவர். தண்டு 1947 வரை மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்படாமல் ஆங்கிலேயப் பிரதிநிதியின் கீழ் இயங்கிற்று. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இந்த ஆட்சிப்பிரிவு, அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழ் நிலைபெறத் துணைநின்றது. பெங்களூர்த் தமிழின் பரவலை அண்மைக்கால வேலைதேடிக் குடியேற்றத்தால் மட்டும் விளக்க முற்படுவோர் இப்படைவரலாற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

4. எண்ணும் முறை

19ஆம் நூற்றாண்டுச் சென்னைப் படையின் சாதிவாரிக் கணக்குகளில் முசல்மான், தெலிங்கர், தமிழர், மராத்தியர், கிறித்தவர், பிற சாதியர் என்பன போன்ற தலைப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் சில சமயத்தைக் குறிப்பன. சில மொழியைக் குறிப்பன. சில எஞ்சியோரைத் திரட்டுவன. ஒருவர் ஒரு தலைப்பின்கீழ் மட்டுமே எண்ணப்பட்டார். ஆகவே தமிழ் பேசும் கிறித்தவர் ‘கிறித்தவர்’ ஆனார். தமிழ் பேசும் முசுலிம் ‘முசல்மான்’ ஆனார். தமிழ் பேசும் பறையர் ‘பிற சாதியர்’ ஆனார். ‘தமிழர்’ என்னும் தலைப்பில் எஞ்சியோர் தமிழ் பேசிய சாதி இந்துக்கள் மட்டுமே.

சேப்பர் படையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. அப்படையில் பறையரும் கிறித்தவரும் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தனர். மண்ணும் கல்லும் சுமந்து செய்யும் பணியில் சாதித்தடை பாராதோர் வேண்டப்பட்டனர். எனவே தமிழ் மிகுதியாகப் புழங்கிய படைப்பிரிவே ‘தமிழர்’ குறைந்ததாக ஏட்டில் தோன்றக்கூடிய முரண்பாடு எழுகிறது. ‘தமிழர்’ என்னும் தலைப்பின் எண்ணைத் தமிழ் பேசுவோரின் எண்ணாகக் கொள்ளும் ஆய்வு, ஒடுக்கப்பட்டோரின் மொழியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு முறை அதே காலத்தில் ஐரோப்பாவில் இருந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொதுப்படையில் 1867க்குப் பின் மூவகை மொழிகள் வேறுபடுத்தப்பட்டன. ஏறத்தாழ 80 சொற்களைக் கொண்ட செருமானியக் கட்டளைமொழி ஒன்று. அலுவல் கடிதங்களுக்குரிய பணிமொழி ஒன்று. இவற்றோடு ரெஜிமெண்டின் மொழி என்பதும் உண்டு. ஒரு ரெஜிமெண்டில் ஐந்திலொரு பங்கினர் பேசும் மொழி ரெஜிமெண்டு மொழியாக ஏற்கப்பட்டது. அதிகாரிகள் அதைக் கற்கும் கடப்பாடு உடையராயினர். இதனால் அப்பேரரசின் படையினர் பேசிய மொழிகளை எண்ணிக்கையோடு காட்டல் இயலுகிறது. இந்தியாவில் அதிகாரிகள் படையினரின் மொழியைக் கற்றனர் எனினும் படையினர் மொழிவாரியாக எண்ணப்படவில்லை.

5. ‘போர்மரபு’க் கொள்கையும் தென்னாட்டவர் தேய்வும்

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கியவர் ராபர்ட்ஸ். நெடுங்கால அமைதியால் தென்னாட்டவர் போர்க்குணம் இழந்துவிட்டனர் என்பது அவர் கருத்து. 1897இல் வெளிவந்த தம் நினைவுநூலிலும் அவர் அதனை வலியுறுத்தினார். வடமேற்கு இந்தியரும் நேபாளத்தாருமே போருக்குரிய மரபினர் என்னும் கொள்கை இக்காலத்தில் ஆட்சேர்ப்பு விதியாயிற்று.

இம்மாற்றம் நிகழ்ந்த முறை வரலாற்று ஆவணங்களைப் படிப்போர் கவனிக்கத்தக்கது. சில ரெஜிமெண்டுகள் கலைக்கப்படவில்லை. அவற்றின் தொடர்ச்சி காக்கப்பட்டு, உள்ளிருந்தோர் மட்டும் மாற்றப்பட்டனர். 1895இல் மாகாணப் படைகள் ஒன்றாக்கப்பட்டு, 1903இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 9ஆம் மதராஸ் காலாட்படை 69ஆம் பஞ்சாபியர் ஆயிற்று. படைப்பிரிவின் வரலாறு அறுபடாமல் எழுதப்பட்டது. அதன் மொழியோ முற்றிலும் மாறிவிட்டது. எஞ்சிய மதராஸ் காலாட்படைகள் 1920களில் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனீர் படை 1933இல் கலைக்கப்பட்டது. சேப்பர் படையே தென்னாட்டவரின் இடையறாத படைப்பிரிவாகப் பெங்களூரில் எஞ்சியது.

1930இல் வெளிவந்த சைமன் குழு அறிக்கை படையின் மாகாணவாரிக் கணக்கைத் தருகிறது. மொத்தம் 1,58,200 பேருள் பஞ்சாபியர் 86,000, நேபாளத்தார் 19,000, ஐக்கிய மாகாணத்தார் 16,500, சென்னை மாகாணத்தார் 4,000, ஐதராபாத்தார் 700, மைசூரார் 100. வங்காளத்தார் எவரும் இலர். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னை மாகாண மக்கள் ஏறத்தாழ 4.67 கோடி, பஞ்சாப் மாகாண மக்கள் ஏறத்தாழ 2.36 கோடி. மக்கள்தொகையில் பாதியளவான மாகாணம் படையில் இருபது மடங்குக்கு மேல் இடம் பெற்றது. அம்பேத்கர் 1940இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலில் இப்பட்டியலை எடுத்தாண்டு, போர்மரபினர், பிறர் என்னும் பாகுபாடு செயற்கையானது என்று நிறுவினார்.

இரண்டாம் உலகப்போர் இக்கொள்கையைத் தகர்த்தது. ஆள் தேவை பெருகவே 1942இல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியின் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமீது தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சேப்பர் படையினர். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. போர்க்குணம் இழந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர் அவர்.

6. சொற்கள் தரும் சான்று

கணக்கேட்டில் இடம்பெறாத மொழிநிலையைச் சொற்களைக் கொண்டு ஓரளவு மீட்டெடுக்கலாம். சென்னைப் படையினரின் மொழிவழக்கில் மூன்று அடுக்குகளைக் காணலாம். சுபேதார், ஜமேதார், அவில்தார், சிப்பாய் முதலிய பதவிப்பெயர்கள் பாரசீக, அரபு வழியின. அணிவகுப்புக் கட்டளைகள் ஆங்கிலம். விடுதலைக்குப் பின் அவ்விடத்தை இந்தி பெற்றது. இவ்விரண்டுக்கும் அடியில் அன்றாடப் பேச்சுமொழி இருந்தது. முதல் இரு அடுக்குகளே ஆவணங்களில் பதிவாயின. மூன்றாம் அடுக்கு வழக்குச்சொற்களில் தங்கியது.

படைவாழ்வின் வழியே தமிழில் புகுந்த சொற்கள் பல. உருது வழி வந்த ‘கவாத்து’ படைப்பயிற்சியைக் குறித்தது. ஆங்கிலத்தின் வழி ‘பட்டாளம்’, ‘துருப்பு’ என்பன தமிழ் ஒலியமைப்பு பெற்றன. சென்னையில் ‘பட்டாளம்’ ஒரு பகுதியின் பெயராகவே நிலைத்தது. இவற்றுள் ‘சிப்பந்தி’ தனிக்கவனத்துக்குரியது. பாரசீக வழிவந்த இச்சொல் முதலில் வரிதண்டலுக்கு உதவிய ஒழுங்குறாப் படையினரைக் குறித்தது. பின்னர்க் கச்சேரி ஊழியரையும், இன்று உணவுவிடுதிப் பணியாளரையும் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் வரும் ‘சிப்பந்தி’யை இன்றைய பொருளில் கொண்டால் ஆயுதம் தாங்கியவர் ஏவலாளராகிவிடுவார்.

வெளியார் இட்ட பெயருக்கும் உள்ளிருந்து எழுந்த பெயருக்கும் உள்ள வேறுபாடும் சான்றாகிறது. ‘தெலிங்கர்’ என்பது வெளியார் இட்ட பெயர். வடநாட்டில் அது நாளடைவில் இனப்பொருளை இழந்து, ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிப்பாய் என்னும் பொதுப்பொருள் பெற்றது. 1857இல் தில்லியில் புகுந்த சிப்பாய்களை அந்நகர உருது எழுத்தாளர் ‘திலங்கே’ என்றே குறித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அவத், பீகார் பகுதியினர். தெலுங்கு நாட்டோடு அவர்க்குத் தொடர்பில்லை.

சேப்பர் படையினரைக் குறிக்கும் ‘தம்பி’ என்னும் பெயரோ உள்ளிருந்து எழுந்தது. இன்றும் மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் வீரர் தமிழராயினும் கன்னடராயினும் தெலுங்கராயினும் மலையாளியாயினும் ‘தம்பி’ எனவே அழைக்கப்படுகின்றனர். இது உறவுப்பெயர், வயதில் இளையவரை உரிமையோடு விளிக்கும் சொல். கன்னடத்தில் ‘தம்ம’, தெலுங்கில் ‘தம்முடு’ எனும் இனச்சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்றும் படைப்பெயராகாமல் தமிழ் வடிவமே பொதுப்பெயராயிற்று. இப்பெயர் நிலைபெற்ற காலத்தில் படையின் பேச்சுமொழியாகத் தமிழ் மேலோங்கியிருந்தது என்பதற்கு இது வலுவான அகச்சான்று. ஏட்டில் முசல்மான், கிறித்தவர், பிற சாதியர் எனப் பிரித்தெண்ணப்பட்டோரைப் பேச்சுவழக்கு ஒரே உறவுப்பெயரால் இணைத்துள்ளது.

படையின் ஊர்ப்பெயரும் உலகச் சொல்லாயிற்று. 1912இல் பெங்களூரில் சேப்பர் படையின் கேப்டன் மெக்கிளிண்டாக், முள்வேலிகளைத் தகர்க்க நீண்ட குழாயில் வெடிமருந்து நிரப்பிய கருவி ஒன்றை அமைத்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ எனப்பட்ட அது 1944இல் நார்மண்டிக் கடற்கரையிலும் பயன்பட்டது. ‘டார்பிடோ’ என்பதைக் கண்டதும் நீருள் பாயும் கணை என மொழிபெயர்த்தல் இங்குப் பொருந்தாது. இது நிலத்தில் தள்ளிச் செலுத்தும் வெடிகுழாய்.

7. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

மேற்கண்ட செய்திகளிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, படைக்கணக்கில் வரும் ‘வகுப்பு’ என்பது சாதி, சமயம், மொழி, வட்டாரம் ஆகியவற்றைக் கலந்து அமைத்த ஆட்சிக்கலைச்சொல். ஓரிடத்தில் ‘சாதி’ எனவும் பிறிதோரிடத்தில் ‘இனம்’ எனவும் அதனை மாற்றிமாற்றித் தமிழாக்கினால் மூலத்தில் இல்லாத தெளிவு புகுந்துவிடும். ‘படைவகுப்பு’ என ஒரே சொல்லால் முழுமையும் வழங்குதல் நன்று.

இரண்டாவது, போர்மரபினர் என்னும் கருத்தைக் குறிக்க ‘மறக்குடி’, ‘மறவர் மரபு’ போன்ற பழஞ்சொற்களை ஆளும் வழக்கம். புறப்பொருள் மரபில் மறம் என்பது பாடிப் போற்றப்பட்ட பண்பு. அச்சொல்லைக் குடியேற்ற ஆட்சியின் ஆட்சேர்ப்பு வகைப்பாட்டுக்கு இட்டால், 1880களில் வலுப்பெற்ற கொள்கைக்கு ஈராயிரம் ஆண்டுப் பெருமை கிடைத்துவிடும். ‘போர்மரபினர் எனப்பட்டோர்’ என்று மேற்கோள் நிலையில் வழங்குதலே வரலாற்றுக்கு ஒத்தது.

மூன்றாவது, ‘மதராஸி’ என்னும் சொல். 20ஆம் நூற்றாண்டுப் படை ஆவணங்களில் இது தென்னாட்டவர் அனைவரையும் குறிக்கும் வகுப்புப்பெயர். இதனைத் ‘தமிழர்’ என மொழிபெயர்த்தால் பிற மூன்று மொழியினர் மறைவர். மாறாக, 19ஆம் நூற்றாண்டுக் கணக்கின் ‘தமிழர்’ என்பதை அப்படியே விட்டால் தமிழ் பேசிய கிறித்தவரும் முசுலிம்களும் ஒடுக்கப்பட்டோரும் மறைவர். ஒரே படையின் ஆவணங்களில் காலத்துக்கேற்ப ஒரு பெயர் மிகையாகவும் மற்றொன்று குறையாகவும் சுட்டுவதால், முதல் ஆட்சியிலேயே அதன் எல்லையை விளக்கிவிடுதல் வேண்டும்.

8. முடிவுரை

விடுதலைக்குப் பின் ஆட்சேர்ப்பில் வகுப்புப் பாகுபாடு நீங்கியதாக அரசு அறிவித்தது. எனினும் பல ரெஜிமெண்டுகள் பழைய வட்டார, வகுப்பு அமைப்பையே தொடர்ந்தன. மதராஸ் சேப்பர் படையும் தென்மாநிலத்தார் படையாகவே நீடித்தது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், அனைத்திந்திய அனைத்து வகுப்பு ஆட்சேர்ப்பை நோக்கிச் செல்லும் என அரசு கூறியது. சமவாய்ப்பு என்னும் நோக்கில் இது விவாதிக்கப்பட்டு வருகிறது. மொழி நோக்கில் இதன் பொருள் வேறொன்று: வட்டாரப் படைப்பிரிவுகளில் வழங்கும் பேச்சுமொழி இரண்டொரு தலைமுறைக்குள் மாறக்கூடும். 1903இல் ஒரு ரெஜிமெண்டின் மொழி முழுதும் மாறியதை அதன் பெயர்மாற்றமேனும் காட்டியது. இனிவரும் மாற்றம் பெயர்மாற்றமின்றியே நிகழலாம்.

ஆதலின் பெங்களூரில் வாழும் ஓய்வுபெற்ற சேப்பர் குடும்பத்தினரின் பேச்சுத்தமிழைப் பதிவுசெய்தல் காலத்தால் செய்யவேண்டிய பணியாகும். பதவிப்பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. கட்டளைச்சொற்கள் பயிற்சிநூல்களில் உள்ளன. சமையற்கூடத்திலும் பாசறையிலும் பாலம் கட்டும் களத்திலும் வழங்கிய மூன்றாம் அடுக்குச் சொற்கள் மனிதர் நினைவில் மட்டுமே உள்ளன. ‘தம்பி’ என்னும் ஒரு சொல் கணக்கேடுகள் மறைத்த ஒரு வரலாற்றை உணர்த்துமாயின், தொகுக்கப்படாத பிற சொற்கள் உணர்த்தக்கூடியவை இன்னும் பல.